ரயர் விளம்பரத்தில் வந்த பாட்டு

மகன்,

போன ஞாயிறு மத்தியானம் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்களின் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, ஒஷாவாவில இருந்து நயோமி எண்டு ஒரு கேர்ள் எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறா. தயா சித்தப்பான்ர டோட்டராம். உங்களுக்குத் தெரியுமா?" நான் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "தெரியாது" என்றேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அங்கே கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இருக்கவில்லை. நீ என்னையும் பார்த்தாய், குசினிப் பக்கமும் பார்த்தாய். பிறகு நீ கட்டப்போகிற அபியின் சொந்தக்காரரின் பெயர்களை எண்ணத் தொடங்கிவிட்டாய்.

நான் சொன்னது பொய். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அவளை இரண்டு தரம் பார்த்திருந்தேன். நேற்று முன்தினம் வியாழக்கிழமையோடு மூன்று தரம். அந்த மூன்றையும் உனக்குச் சொல்லாமல் உன்னை மணவறையில் கொண்டுபோய் இருத்த எனக்கு மனம் வரவில்லை. இதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நீ ஐந்து நிமிடத்தில் வாசித்து முடித்திருப்பாய். ஆனால் என்னுடைய ஆங்கிலம் வேலைக்கும் டொக்டரிடம் போவதற்கும்தான் போதும். அந்த மொழியில் எனக்கு வெட்கப்படத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழக் கூட்டிக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன். அவசரப்படாமல் ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். இதில் உள்ளவை அவருக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றையும் நேற்றுச் சொல்லிவிட்டேன்.

நானும் உன் சித்தப்பாவும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது, அவனுக்குப் பத்தொன்பது. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தோம். கிடைத்த வேலைக்குப் போனோம். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ குப்பைக்கு வைத்திருந்த ஒரு ரீவியைப் பனிக்குள்ளால் இரண்டு பேருமாகச் சுமந்துகொண்டு வந்தோம். அதில் இரண்டு சானல் மட்டும் ஒழுங்காகத் தெரியும். அவற்றில் சொல்வதும் எங்களுக்கு முக்கால்வாசி விளங்காது. விளங்காததால் நாடகங்களைவிட விளம்பரங்களையே விரும்பிப் பார்த்தோம். அவற்றில் பேச்சுக் குறைவு.

அப்படித்தான் அந்தப் பாட்டு எங்களிடம் வந்தது. கார் ரயருக்கான ஒரு விளம்பரம். மழை கொட்டுகிற ரோட்டில் ஒருவன் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான். வீட்டு வாசலில் மனைவி குடையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஒரு கறுப்பினப் பாடகரின் பழைய பாட்டு. மெல்லத் தொடங்குவார். படிப்படியாக மேலே ஏறுவார். ஓரிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுப்பார். அந்த மூச்சு எங்களுக்குக் கேட்கும். அடுத்த சொல்லுக்கு அவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து இன்னொரு குரல் குறுக்கே வந்து ரயரின் பெயரைச் சொல்லும். மொத்தமாக அரை நிமிடம் இருக்கும்.

தயாவுக்கு அந்த அரை நிமிடம் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. எங்கே நின்றாலும் அந்த முதல் சுரம் காதில் விழுந்தவுடன் "அண்ணை, வருது, வருது!" என்று ஓடி வருவான். ஒரு நாள் பாதிச் சவரத்தோடு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை வழிய, துவாயோடு வந்து ரீவிக்கு முன்னால் நின்றான். விளம்பரம் முடிந்ததும் என்னிடம் கேட்டான்: "அந்த மூச்சுக்குப் பிறகு அவர் என்ன பாடியிருப்பார் அண்ணை?"

"ரயர் நல்ல ரயர் எண்டு பாடியிருப்பார். போய் முகத்தைக் கழுவு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது.

லீவு நாட்களில் பஸ் ஏறிப் பாட்டுக் கடைகளைத் தேடிப் போகத் தொடங்கினான். பாட்டின் பெயர் தெரியாது. பாடியவர் யார் என்று தெரியாது. ஆங்கிலமோ நாலு சொல். கடைக்காரருக்கு முன்னால் நின்று மெட்டை முணுமுணுத்துக் காட்டுவானாம். கடைசியில் தோள் இரண்டும் உயர ஒரு மூச்சு இழுத்துக் காட்டுவானாம். மூன்று கடைகளில் சிரித்து அனுப்பினார்கள். நாலாவது கடையில், கவுண்டரில் நின்ற பெண் அவன் மூச்சை இழுத்து நிறுத்தியதும், மிச்சத்தைத் தானே பாடினாள். அவள் பெயர் மார்லீன். சின்ன வயதில் ஜமேக்காவிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவள். அவளுடைய தகப்பன் ஞாயிறு காலையில் சேர்ச்சுக்கு வெளிக்கிடும்போது போடுகிற பாட்டாம் அது.

அவள் அதைக் கசெற்றில் பதிந்து கொடுத்திருந்தாள். அன்று பின்னேரம் நானும் அவனும் கட்டிலில் இருந்து அதை முழுதாகக் கேட்டோம். அவ்வளவு மூச்சை இழுத்த மனிதர் கத்தப்போகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அவர் கத்தவில்லை. குரலை அப்படியே கீழே இறக்கி, பக்கத்தில் படுத்திருக்கிற ஒருவரை எழுப்புவதுபோல, ஒரு பெயரை மட்டும் சொன்னார். அந்த மாரியில்தான் ஊரில் எங்களைப் பெற்ற ஐயா காலமாகியிருந்தார். முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கடிதம் வந்தது. நான் அழுதால் தம்பி உடைந்துபோவான் என்று நானும், அவன் அழுதால் அண்ணன் உடைந்துபோவான் என்று அவனும் மூன்று மாதமாக அடக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம். யாரென்றே தெரியாத ஒரு மனிதர் யாரோ ஒருத்தியின் பெயரைச் சொன்ன அந்த இடத்தில் இரண்டு பேரும் ஐயாவுக்காக அழுது முடித்தோம். பிறகு அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இதைச் சோல் மியூசிக் எண்டு சொல்லுறவையாம் அண்ணை. சோல் எண்டால் ஆத்மாவாம். மார்லீன் சொன்னவ."

அதற்குப் பிறகு மார்லீன் எங்கள் பேஸ்மென்றுக்கு வரத் தொடங்கினாள். தயா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை "அனே" என்றுதான் கூப்பிடுவாள். உறைப்பாகச் சாப்பிடுவதில் அவள் எங்களை வென்றவள். ஒரு நாள் எனக்கு விலாவில் சிறுநீரகக் கல் குத்தித் துடித்தபோது தயா வேலைக்குப் போயிருந்தான். ரெலிபோனில் அவளைத்தான் பிடிக்க முடிந்தது. அவள் வந்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஏழு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, டொக்டர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் எனக்கு விளங்குகிற ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டு, என் பதில்களை அவருக்குச் சொன்னாள். மகன், இதை நான் மறந்துவிட்டுப் பிழை செய்யவில்லை. நினைவில் வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்கும்போது, "அண்ணை, நான் மார்லீனைக் கட்டப்போறன்" என்றான். அப்போது எனக்கு உன் அம்மாவைக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் தலைக்குள் முதலில் வந்தது. "எங்கட வீட்டுக்கு ஒரு கறுப்பியைக் கொண்டுவரப் போறியோ? சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியோ?" என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, லைற்றுக்குக் கீழே தன் கையை நீட்டிப் பிடித்தான். "அண்ணை, என்னை எப்பவாவது வடிவாப் பாத்தனீங்களோ?" எங்கள் குடும்பத்தில் அவனளவு கறுப்பு ஒருவரும் இல்லை.

"உது வேற, இது வேற" என்றேன். எப்படி வேறு என்று அவன் கேட்கவில்லை. வேலையிடத்தில் என்னை நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவனைப் பற்றி அதற்கு முதல் கிழமைதான் தயாவிடம் அழாத குறையாகச் சொல்லியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மார்லீன் படிக்கட்டில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் போதுமாக இருந்தது. தாய் சமைத்துக் கொடுத்துவிட்ட கறிச் சட்டியைப் படியில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டாள். தயா அவளுக்குப் பின்னால் போனான். அடுத்த நாள் நான் வேலையில் நின்ற நேரம் வந்து தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அவர்கள் கல்யாணம் முடித்து ஒஷாவாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு நல்ல வேலை. என் கல்யாணத்துக்கு "நீ மட்டும் வாறதெண்டால் வா" என்று சொல்லியனுப்பினேன். அவன் வரவில்லை. நீ பிறந்தபோது நான் அவனுக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து அவனுக்கு மகள் பிறந்தபோது அவன் எனக்குச் சொன்னான். "அண்ணை, பொம்பிளைப் பிள்ளை. வந்து பாருங்கோவன்" என்றான். "ஓம், வாறன்" என்றேன். ஒஷாவாவுக்கு நாங்கள் இருந்த அஜின்கோர்ட்டிலிருந்து நாற்பது நிமிட ஓட்டம். நான் போகவில்லை. உனக்குச் சித்தப்பாவைப் பற்றி என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும்: "அவர் கொஞ்சம் ஒரு மாதிரி, ஒருத்தரோடையும் ஒட்டமாட்டார்." என் தம்பியைப்போல ஒட்டுகிற பிறவியை நான் பிறகு கண்டதில்லை.

உன்னுடைய ஏழாவது பிறந்தநாள். இந்த வீடு வாங்கிப் புதிது. அம்மாவின் ஆட்கள், கோயில் ஆட்கள், வேலையிடத்து ஆட்கள் என்று வீடு நிறைய சனம். யன்னலால் பார்க்கிறேன், வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. தயா இறங்குகிறான். பின் கதவைத் திறந்து மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளையை இறக்குகிறான். நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். அவன் வாசல்படிக்கு வருவதற்கு முதல் காரடிக்கே போய் மறித்துவிட்டேன். அவனுடைய முகம் மலர்ந்துபோயிருந்தது. அண்ணன் ஓடி வருகிறான் என்று நினைத்திருப்பான்.

"அண்ணை, மகளைக் காட்டிப்போட்டுப் போகலாமெண்டு வந்தனான். மார்லீன் வரேல்ல. நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"உள்ள ஆக்கள் நிக்கினம் தயா. பேந்து ஒரு நாளைக்கு வா."

உள்ளே யாரோ உனக்குத் தொப்பி போட்டுவிட, நீ கூச்சல் போடுவது வெளியே கேட்டது. "ஓம் அண்ணை. பேந்து வாறன்" என்றான். காருக்குள்ளிருந்து கடதாசி சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து என் கையில் தந்தான். அந்தப் பிள்ளைக்கு என்னைக் காட்டி, "உவர்தான் பெரியப்பா" என்றான். அவள் "ஹாய்" என்றாள். நான் அந்தப் பிள்ளையின் தலையில்கூடக் கை வைக்கவில்லை. யாராவது யன்னலால் பார்க்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்னக் கீபோர்ட்டை நீ இரண்டு வருஷம் தட்டித் தட்டி எங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்தாய். யார் தந்தது என்று கேட்டபோது நான் வாங்கினேன் என்று சொன்னேன். எல்லோரும் போன பிறகு அம்மா என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கேக்காவது குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அவன் பிறகு வரவில்லை. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. கார் ரேடியோவில் அது தொடங்கினால் நான் உடனே மாற்றிவிடுவேன், பின்சீற்றிலிருந்து நீ "வை டிட் யூ சேஞ்ச் இட்?" என்று கேட்பாய். ஒரு தரம் சாமான் வாங்கப் போன கடையில் மேலே ஸ்பீக்கரில் அது போனது. பால், முட்டை எல்லாம் எடுத்து வைத்த வண்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது கடை பூட்டியிருந்தது என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை சின்னப் பொய்கள் தேவை என்பதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. நீ அவற்றுக்குள்தான் வளர்ந்திருக்கிறாய்.

நீ பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம் படிக்கும்போது ஒரு காலை மார்லீன் ரெலிபோன் எடுத்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் குரலைக் கேட்டதில்லை. "அனே" என்றாள். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். நாற்பத்து நாலு வயது. உனக்கு நான் பரீட்சைக்குப் பிறகு சொன்னேன். "ஓ, சொறி அப்பா" என்றாய். நீ கண்டேயிராத ஒருவருக்கு அதற்கு மேல் நீ என்ன சொல்ல முடியும்?

செத்த வீடு ஒஷாவாவில் அவர்களுடைய சேர்ச்சில் நடந்தது. அம்மா தானும் வருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. தனியப் போனேன். நேற்று வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாதிருந்த அந்த ஒன்று அங்கே வாசலில் நடந்தது. வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான பெண் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, "நீங்கள் குடும்பத்தவரா? குடும்பத்துக்கு முன்வரிசை வைத்திருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார். நான், "இல்லை, அவரோடு வேலை செய்தவன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பன்னிரண்டு வருஷமாக யோசிக்கிறேன். முன்வரிசையில் மார்லீனுக்குப் பக்கத்தில் போய் இருக்க எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்ததாக என்னையே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அது இல்லை. அவ்வளவு கறுப்பு முகங்களும் திரும்பிப் பார்க்க, நான்தான் அந்த அண்ணன் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், நிகழ்ச்சி அச்சடித்த தாளைக் கொடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. நான் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தது. தயாவின் கண். ஒரு தாளை என்னிடம் நீட்டி, "வந்ததற்கு நன்றி சேர்" என்றாள்.

கடைசி வரிசையில் இருந்தேன். பெட்டி மூடுவதற்கு முதல் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டு போனது. அந்த மூச்சு வரப்போகிறது என்று தெரிந்தவுடன் எழும்பி வெளியே வந்துவிட்டேன். என் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை உனக்குத் "தெரியாது" என்று சொன்னேன். நீ போன பிறகு அம்மா குழாயைப் பூட்டிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். "செத்த மனிசனை மறைச்சது போதும். உயிரோட இருக்கிற பிள்ளையையும் மறைக்கப் போறியளோ?" என்றார். செவ்வாய்க்கிழமை பழைய நம்பர்ப் புத்தகத்தைத் தேடி எடுத்து மார்லீனுக்கு ரெலிபோன் அடித்தேன். அதே நம்பர். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னாள். ஒரு மணிக்குத் தனக்கு டொக்டரிடம் போக இருக்கிறதாம்.

கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் நோவு, தடி பிடித்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வழியில் ட்ராஃபிக் அதிகமா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். "அப்படித்தான் நானும் நினைத்தேன்" என்றாள். பிறகு உள்ளே விட்டாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அதை நீங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் அவருடைய பங்கை எடுத்துக் கொடுக்க முடியாது." அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. நியாயமும் அதுதான்.

நயோமி எனக்காக வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தாள். எங்கள் ஆட்களின் தேத்தண்ணி, பால் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு. "அப்பா பழக்கினார்" என்றாள். அவள் எனக்கு எதிரில் இருந்து, தான் ஒரு விஷயம் கேட்கலாமா என்றாள்.

"சின்ன வயதில் அப்பா என்னை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு நினைவிருக்கிறது. திரும்பிப் போகும்போது காருக்குள் சொன்னார், 'பார்த்தாயா, பெரியப்பாவுக்கு வீட்டில் அவ்வளவு விருந்தாளிகள், அப்படியிருந்தும் எங்களை வரவேற்க ரோட்டுக்கே இறங்கி ஓடி வந்தார்' என்று. பதினைந்து வயது வரைக்கும் நீங்கள் மிகவும் மரியாதையான மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு சேர்ச் வாசலில் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். உங்களுடைய படம் எங்கள் வீட்டில் இருந்தது. உங்களை எனக்குத் தெரியும்."

மகன், என் தம்பி என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். தன் பிள்ளைக்கு முன்னால் என் மானம் போகக்கூடாது என்று, கண்ணால் கண்டதையே அவளுக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறான். நான் அவனைப் பற்றி உனக்கு என்ன சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"நீங்கள் அப்பாவோடு வேலை செய்ததாகச் சொன்னீர்கள். எங்கே வேலை செய்தீர்கள்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குத் தகப்பனின் இளவயதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, நாங்கள் ஒன்றாக வேலை செய்திருக்கிறோம்தான். முதல் மாரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று மாதம் கோப்பை கழுவினோம். அவன் கழுவித் தருவான், நான் துடைத்து அடுக்குவேன். அதைச் சொல்லத் தொடங்கினேன். கொதிநீர் ஆவிக்குள் நின்று சொல் தெரியாத பாட்டை முணுமுணுத்ததை, சமையல்காரர் சத்தம் போடுவதை, அவன் வேண்டுமென்றே எனக்கு மேல் தண்ணீர் தெறிக்கவிடுவதை. பாதிச் சவரத்தோடு ரீவிக்கு ஓடி வந்த கதையைச் சொன்னபோது மார்லீன் சத்தமாகச் சிரித்தாள். "என்னிடம் அவர் இதைச் சொல்லவேயில்லை" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருஷமாக அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேரவேண்டிய இந்தக் கதைகளை நான் பூட்டி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். டொக்டரிடம் போகிற நேரம் வந்துவிட்டது. நான் இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கல்யாணம் கட்டப்போகிற மகனுக்குத் தகப்பன் ஏதாவது சொல்லத்தான் வேண்டும். சனம் என்ன கதைக்கும் என்று நான் பயந்த அந்தச் சனத்தில் பாதிப்பேரின் பெயர் இன்று எனக்கு நினைவில்லை. பிறந்தநாளுக்கு வந்து நின்றவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தயாவைப்போல என் பிழையை மறைத்துச் சொல்லியிருக்கமாட்டார். அபியோடு உனக்குச் சண்டை வரும். எல்லோருக்கும் வரும். அப்போதெல்லாம் "பேந்து" என்று மட்டும் சொல்லாதே. பேந்து வா, பேந்து கதைப்பம், பேந்து பாப்பம். நான் என் தம்பிக்குச் சொன்ன கடைசிச் சொல் அது. நான் நல்லவனாக இருப்பதற்கு இன்னொரு நாள் இருக்கிறது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

இனி உன்னுடைய விஷயம். மாப்பிள்ளைத் தோழனாக அபியின் தம்பி நிற்கிறான். தோழியாகப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க மாப்பிள்ளைக்குத் தங்கச்சி இருக்கிறதோ என்று அபியின் தாய் கேட்டபோது நான் "இல்லை" என்றேன். ஆங்கிலத்தில் நயோமியைக் கசின் என்று சொல்லித் தள்ளி வைக்கலாம். எங்கள் மொழியில் சித்தப்பாவின் மகளுக்கு வேறு சொல் கிடையாது. அவள் உன் தங்கச்சி. அவளைத் தோழியாக நிற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை என்னிடம் இல்லை. மார்லீன் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அவர் இல்லாமல் உங்கள் ஆட்களுக்கு நடுவில் வந்து இருக்க என்னால் முடியாது. நயோமி வருவதும் விடுவதும் அவள் விருப்பம். ஆனால் கூப்பிடுவதென்றால் அந்தப் பையன் கூப்பிடட்டும். நீங்கள் இல்லை." வாசல் வரைக்கும் வந்த நயோமி, உன்னுடைய நிச்சயார்த்தப் படத்தைக் கண்டுதான் மெசேஜ் போட்டதாகச் சொன்னாள். உன் காது அவளுடைய தகப்பனின் காதாம். ஆகவே நீயே அவளுக்கு ரெலிபோன் அடி. அபியையும் கேட்டு, மூன்று பேருமாக முடிவெடுங்கள். எனக்காக ஒன்றையும் செய்யவேண்டாம். என்னை மன்னிப்பதைப் பற்றியும் இப்போதைக்கு யோசிக்காதே.

அவள் வந்தால், மண்டபத்தில் எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். "உவ ஆர்?" என்று கேட்பார்கள். உன்னிடம் கேட்கமாட்டார்கள், என்னிடம்தான் வருவார்கள். அப்போது நீ குறுக்கே வந்து எனக்காகப் பதில் சொல்லவேண்டாம், அம்மாவையும் சொல்ல விடவேண்டாம். "என்ர தம்பி தயான்ர மகள்" என்று நான்தான் சொல்லவேண்டும். இன்று காலை வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். 'தயான்ர' என்ற இடத்துக்கு வந்தபோது குரல் நின்றுவிட்டது. திரும்பவும் சொன்னேன், திரும்பவும் அங்கேயே நின்றது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. சொல்லிப் பழகிவிடுவேன்.

அப்பா